ஒன்பதே காலுக்கு முன்னாடி இருந்த நான்

பங்குச் சந்தை பத்தி எழுதச் சொல்லி ரெண்டு மூணு நண்பர்கள் கேட்டிருந்தீங்க. எந்தப் பங்கு வாங்கலாம்னு டிப்ஸ் எதிர்பார்த்து வந்திருந்தா, மன்னிக்கணும். இது நான் வாங்கின அடியைப் பத்தின புலம்பல் :)

2024 ஜூன் 3, திங்கட்கிழமை. தேர்தல் கருத்துக்கணிப்புகள் சனிக்கிழமை சாயந்திரமே வந்திருந்ததால சந்தை துள்ளிக் குதிச்சுது. நிஃப்டி ஒரே நாள்ல 700 புள்ளிக்கு மேல ஏறி 23,263-ல முடிஞ்சுது. ஆபீஸ்ல டீ குடிக்கப் போனா அங்கேயும் இதே பேச்சுதான். எல்லாரும் வாங்கறாங்களே, நாம மட்டும் சும்மா இருக்கறதான்னு ஒரு பொதுத்துறை வங்கிப் பங்கை 296 ரூபாய்க்கு 200 வாங்கினேன். 288-க்கு இறங்கினா வித்துடணும், நஷ்டம் 1,600 ரூபாயோட போகட்டும்னு ஸ்டாப் லாஸும் வெச்சேன். ஆனா மனசுக்குள்ள மட்டும்!

மறுநாள் ஓட்டு எண்ணிக்கை. பங்கு 288-க்கு வந்துச்சு. "கொஞ்ச நேரத்துல ஏறிடும், 280 வரைக்கும் பார்ப்போம்"னு நினைச்சேன். 280-ம் வந்துச்சு. "இவ்வளவு இறங்கினப்புறம் விக்கறவன் முட்டாள்"னு தோணுச்சு. 270-க்கு வந்தப்போ நான் பண்ணின காரியம்தான் உச்சம். ஆவரேஜ் பண்றேன் பேர்வழின்னு இன்னும் 250 பங்கு வாங்கினேன். எந்தக் காசுல? பையனோட ஸ்கூல் ஃபீஸுக்குன்னு எடுத்து வெச்சிருந்த 70,000-ல. கடைசியில கை நடுங்கி மொத்தத்தையும் 252-க்கு வித்துட்டு வெளியே வந்தேன். நஷ்டம் 13,300. அன்னிக்கு நிஃப்டி கிட்டத்தட்ட 6 சதவீதம் விழுந்துச்சு.

இதோட நிறுத்தியிருந்தா இந்தப் பதிவுக்கே வேலை இல்லை. மூணே வர்த்தக நாள்ல, ஜூன் 7 அன்னிக்கு, நிஃப்டி 23,290-ல முடிஞ்சுது. அதாவது விழுந்ததை எல்லாம் எடுத்துடுச்சு. நான் வித்த பிறகு! "சந்தை என் காசைத் திருடிடுச்சு, அதை நான் திரும்ப வாங்காம விடமாட்டேன்"னு ஒரு வெறி. ஆப்ஷன்ல இறங்கினேன். ரெண்டு வாரத்துல 64,000 காலி. ஆக 1,600 ரூபாய்ல முடிஞ்சிருக்க வேண்டிய விஷயம் 77,300-ல வந்து நின்னுச்சு.

ஃபீஸ் கட்டக் கடைசி நாள் வந்தப்போ 18,000 குறைஞ்சது. வேற வழியில்லாம தங்கமணிகிட்ட எல்லாத்தையும் சொன்னேன். கத்துவாங்கன்னு எதிர்பார்த்தேன். கத்தலை. உள்ளே போய் வீட்டுக் கணக்கு நோட்டை எடுத்துட்டு வந்து என் முன்னாடி வெச்சாங்க.

"அரைக் கிலோ தக்காளி வாங்கினாக்கூட நான் இதுல எழுதறேங்க. நீங்க லட்ச ரூபாய்க்கு மேல வாங்கியிருக்கீங்களே, எதுக்கு வாங்கினேன்னு எங்கேயாவது எழுதி வெச்சிருக்கீங்களா?"

பதில் இல்லை. குறைஞ்ச 18,000 அவங்க சீட்டுப் பணத்துல இருந்து போச்சு. அவங்க திட்டியிருந்தாக்கூட தேவலை.

அப்புறம் உட்கார்ந்து யோசிச்சேன். ஸ்டாப் லாஸ்னா என்னன்னு எனக்குத் தெரியாதா? தெரியும். புத்தகமே படிச்சிருக்கேன். நஷ்டத்தோட வலி அதே அளவு லாபத்தோட சந்தோஷத்தைவிடப் பெரிசு, அதனால நஷ்டத்துல இருக்கும்போது தப்பிக்கறதுக்காக மனுஷன் இன்னும் பெரிய ரிஸ்க் எடுப்பான்னு கானெமனும் ட்வெர்ஸ்கியும் 1979-லயே எழுதியிருக்காங்க. லாபத்துல இருக்கறதைச் சீக்கிரம் வித்துட்டு, நஷ்டத்துல இருக்கறதைக் கட்டிக்கிட்டு அழற பழக்கத்தைப் பத்தி ஷெஃப்ரினும் ஸ்டேட்மனும் 1985-ல எழுதினாங்க. எல்லாம் தெரிஞ்சும் விழுந்தேன். ஏன்னா ராத்திரி அமைதியா திட்டம் போடறவன் ஒருத்தன், காலையில 11 மணிக்கு சிவப்பு எண்ணைப் பார்த்துட்டு உட்கார்ந்திருக்கறவன் வேற ஒருத்தன். ரெண்டாவது ஆளை நம்பக் கூடாது. அவன் முடிவெடுக்க எதையுமே மிச்சம் வைக்கக் கூடாது.

நாற்பது பக்க நோட்டு ஒண்ணு வாங்கினேன். முதல் நாள் ராத்திரியே எழுதணும்: எந்தப் பங்கு, ஏன், என்ன விலைக்கு வாங்கறது, எங்கே தப்புன்னு ஒத்துக்கிட்டு வெளியேறது, எத்தனை பங்கு. கடைசிக் கேள்விக்கு ஆசை பதில் சொல்லக் கூடாது, கணக்குதான் சொல்லணும். கையில 50,000 இருந்தா ஒரு வியாபாரத்துல இழக்கலாம்னு வெச்சிருக்கறது 1 சதவீதம், 500 ரூபாய். 200-க்கு வாங்கி 195-ல வெளியேறதா இருந்தா பங்குக்கு 5 ரூபாய் ரிஸ்க். அப்போ 100 பங்கு, அவ்வளவுதான். வாங்கின உடனே ஸ்டாப் லாஸ் ஆர்டரை சிஸ்டத்துல போட்டுடணும். அதைக் கீழே நகர்த்தக் கூடாது. ஒரே நாள்ல ரெண்டு நஷ்டம் வந்தா ஆப்பை மூடிடணும். நோட்டுல இல்லாத எதையும் வாங்கக் கூடாது.

மூணு மாசம் கழிச்சுப் புரட்டிப் பார்த்தேன். 41 தடவை வாங்கி வித்திருந்தேன். அதுல 14 தடவை நோட்டுல எழுதாம, திடீர்னு தோணி இறங்கினது. மொத்த நஷ்டத்துல முக்கால்வாசி அந்தப் பதினாலுலதான். அதைவிடப் பயங்கரம், அந்தப் பதினாலுல நாலு லாபம். விதியை மீறி லாபம் வந்தா நாம புத்திசாலின்னு நினைப்பு வந்துடும். அடுத்த தடவை மீறும்போது அது இன்னும் பெரிசா வாங்கிக்கும். வந்த லாபத்தைப் பார்க்காம, எழுதினபடி நடந்தேனான்னு மட்டும் பார்க்கப் பழகினது அப்புறம்தான். ஜூன் 4-ம் அப்படித்தான். பொறுத்திருந்தா தப்பிச்சிருப்பேங்கறது உண்மை. ஆனா 288-ல வித்திருந்தா அதுதான் சரியான வேலை.

ஒழுங்கா இருந்தா கோடீஸ்வரன் ஆயிடலாமா? 2022-லேர்ந்து 2024 வரைக்குமான மூணு நிதியாண்டுல எஃப் அண்ட் ஓ-ல இறங்கின தனிநபர்கள்ல 93 சதவீதம் பேருக்கு நஷ்டம்னு 2024 செப்டம்பர்ல செபி அறிக்கை வந்துச்சு. மொத்தம் 1.8 லட்சம் கோடிக்கு மேல. அதுல என்னோட 64,000-மும் ஒரு துளியா சேர்ந்திருக்குமான்னு பார்த்தா, அது அடுத்த நிதியாண்டுக் கணக்கு :( ஆப்ஷன் பக்கமே இப்போ போறதில்லை. நோட்டு வந்தப்புறம் கிடைக்கற லாபம் பேங்க் டெபாசிட் வட்டியைவிடக் கம்மிதான். ஆனா ராத்திரி தூக்கம் வருது.

போன வாரம்கூட ஒரு பங்கு கண்ணு முன்னாடி ராக்கெட் மாதிரி ஏறுச்சு. நோட்டுல இல்லை. விரல் துறுதுறுன்னுச்சு. எழுந்து போய் தண்ணி குடிச்சிட்டு வந்தேன். "என்னங்க, இன்னிக்கு வாங்கலையா?"ன்னாங்க தங்கமணி. இல்லைன்னேன். சீட்டுப் பணம் 18,000-த்தை எப்போ திருப்பித் தர்றீங்கன்னு மட்டும் இன்னும் கேட்கலை.

டிஸ்கி: நான் செபியில பதிவு செஞ்ச ஆலோசகர் இல்லை. இதைப் படிச்சிட்டு யாரும் எதையும் வாங்காதீங்க. வேணும்னா ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்க.