காட்டு ராஜாவுக்கு ஓர் இரவுக் கண்

ஈப்போவிலிருந்து கோலகங்சார் வழியாக வடக்கே போனால், லெங்கோங் தாண்டியதும் மலைகள் சாலையை நெருங்கி வரத் தொடங்கும். 2012இல் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்ற தொல்லியல் பள்ளத்தாக்கு அது. இன்னும் சற்றுத் தூரம் போனால் கிரிக். கிளந்தானுக்குப் போகிறவர்கள் பெட்ரோல் நிரப்பி, ஒரு தே தாரிக் குடித்துவிட்டுக் கிளம்பும் ஊர் என்றுதான் பலருக்கும் இதைத் தெரியும். நான் பெரியப்பாவோடு இங்கே வந்தது ஒரு லோரியைப் பார்க்க.

பெரியப்பா 1980களில் இராணுவத்தில் லோரி ஓட்டியவர். அவருடைய பழைய நண்பர், சீனர், ஊருக்கு வெளியே பட்டறை வைத்திருக்கிறார். காட்டோரத்தில் டுரியான் தோட்டமும் உண்டு. அந்தத் தோட்டத்து லோரியைத்தான் ஓர் ஆண்டாகப் பிரித்துப் போட்டுச் சீர்செய்துகொண்டிருந்தார்.

நம் நாட்டு மரவெட்டுக் காடுகளைப் பார்த்தவர்களுக்கு ‘சான் தை வோங்’ லோரியைத் தெரிந்திருக்கும். ‘மலை ராஜா’ என்று பொருள். மலாய்க்காரர்கள் ‘லோரி ஹந்து’, அதாவது பேய் லோரி என்பார்கள். முன்பக்கம் கூரையோ கண்ணாடியோ இல்லாமல், இரும்புக் கயிறு சுற்றிய வின்சோடு சேற்றில் மரம் இழுக்கும் வண்டிகள். இரண்டாம் உலகப் போரிலும் அதற்குப் பின்னரும் பிரிட்டிஷ் இராணுவம் பயன்படுத்திய கனரக லோரிகளிலிருந்து பிறந்தவை இவை.

பட்டறையில் நின்றது ‘ஏ.இ.சி. மெட்டடார்’. லண்டனின் சவுத்தாலில், இன்று பஞ்சாபிக் கடைகள் நிறைந்திருக்கும் அதே சவுத்தாலில், தயாரானது. 5.5 அங்குலப் பீரங்கியை இழுப்பதற்காக உருவாக்கப்பட்ட வண்டி. நான்கு சக்கரங்களுக்கும் இழுவிசை, 95 குதிரைத் திறன் டீசல் இன்ஜின், ஏழு டன் இழுக்கும் வின்ச். வேகம் மட்டும் மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டாது. இப்படி 9,000க்கும் மேற்பட்டவை செய்யப்பட்டன.

“எது அசல், எது மாற்றியது?” என்று கேட்டேன். தவுக்கே சிரித்தார். சேசிஸ், அச்சு, வின்ச் மூன்றும் அசல். இன்ஜின் மூன்றாவது. கேபினின் மரச்சட்டத்தைக் கரையான் தின்றுவிட்டதால் செங்கால் மரத்தில் புதிதாகச் செய்து, மேலே தகடு அடித்திருக்கிறார். அதிக நாள் பிடித்தது பிரேக்தானாம். “ஓடாத வண்டியால் யாரும் சாவதில்லை. நிற்காத வண்டியால்தான்” என்றார், மலாயில்.

துருவை உரசி எடுத்தபோது பின் அச்சின் நடுவில் பழைய வெள்ளைச் சாயம் கொஞ்சம் தெரிந்ததாம். அதை மட்டும் அவர் அழிக்காமல் விட்டிருக்கிறார். பெரியப்பா குனிந்து பார்த்தவர், “கான்வாய் விளக்குடா இது” என்றார்.

போர்க்காலத்தில் முகப்பு விளக்கைப் போட்டால் மேலே பறக்கும் விமானத்துக்குத் தெரிந்துவிடும். அதனால் பின் அச்சின் டிஃபரன்ஷியல் உருண்டையை வெள்ளையாகப் பூசி, அதன்மேல் ஒரு சின்ன விளக்கை அடியிலிருந்து விழ வைப்பார்கள். பின்னால் வருபவர் அந்த வெள்ளை வட்டத்தை மட்டும் பார்த்துக்கொண்டே வண்டியைச் செலுத்துவார். அமெரிக்க இராணுவத்தில் வேறு வழி: ‘பூனைக் கண்’ பின்விளக்குகள். சரியான இடைவெளியில் வந்தால் இரண்டு புள்ளிகள் தெரியும். நெருங்கிவிட்டால் நான்காகப் பிரியும். பின்தங்கினால் ஒன்றாகச் சேர்ந்துவிடும். மின்னணுக் கருவி எதுவும் இல்லாமல், கண்ணின் இயல்பை வைத்தே தூரத்தை அளந்திருக்கிறார்கள்.

இப்போது அதே வண்டியின் முகப்பில், கைப்பிடி அளவில் ஒரு கேமரா இருக்கிறது. வெப்பத்தைப் பார்க்கும் கேமரா.

இரவுப் பார்வைக் கருவி என்றதும் சினிமாவில் வரும் பச்சைப் படம்தான் நினைவுக்கு வரும். அது நிலவு, நட்சத்திர ஒளியைப் பல்லாயிரம் மடங்கு பெருக்கிக் காட்டுவது. அடர்ந்த மரநிழலில், நிலவில்லாத இரவில், பெருக்குவதற்கே ஒளி இருக்காது. எதிரே விளக்கு வந்தால் படம் வெளுத்துவிடும். வெப்பக் கேமராவுக்கு ஒளியே தேவையில்லை. உடலிலிருந்து வெளியேறும் அகச்சிவப்புக் கதிர்களையே அது படமாக்குகிறது. ஆனால் அந்தக் கதிர்கள் சாதாரணக் கண்ணாடியைக் கடக்காது. ஆகவே கேமராவை விண்ட்ஸ்கிரீனுக்குப் பின்னால் வைக்க முடியாது. வெளியேதான் பொருத்த வேண்டும். அதன் லென்ஸும் ஜெர்மேனியம் என்ற தனிமத்தால் ஆனது.

பழைய வண்டியில் இதைப் பொருத்துவது லேசான வேலை இல்லை. டீசல் இன்ஜினின் அதிர்வு படத்தைக் குலுக்கும். ரப்பர் புஷ் வைத்த தாங்கி தேவைப்பட்டது. பழைய டைனமோ தரும் மின்சாரம் இன்ஜினின் வேகத்துக்கேற்ப ஏறி இறங்கும்; கேமராவுக்கென்றே தனி பேட்டரி. திரையின் வெளிச்சத்தையும் மிகக் குறைத்திருந்தார். இருட்டுக்குக் கண் முழுமையாகப் பழக அரைமணி நேரம் வரை ஆகும். பளிச்சென்ற திரை ஒரு நொடியில் அதைக் கெடுத்துவிடும்.

இவ்வளவு ஏன்? காரணம் யானை.

டுரியான் இரவில்தான் அதிகம் விழும். விடியுமுன் பொறுக்கி ஏற்ற வேண்டும். அதே பழத்துக்கு யானையும் வரும். 2025 மே 11, அன்னையர் தினத்தன்று அதிகாலையில், கிரிக்–ஜெலி நெடுஞ்சாலையில் ஒரு குட்டியானை லோரியில் அடிபட்டு இறந்தது. லோரிக்கு அடியில் கிடந்த குட்டியை விட்டுப் போகாமல், தாய் தலையால் லோரியை முட்டிக்கொண்டு நின்ற காட்சியை நாடே பார்த்தது. அதற்குப் பிறகுதான் தவுக்கே கேமரா வாங்கினாராம்.

இருட்டியதும் தோட்டப் பாதையில் ஒரு சுற்றுப் போனோம். முகப்பு விளக்கின் மஞ்சள் வெளிச்சம் இருபது முப்பது மீட்டரோடு முடிந்தது. திரையிலோ, வெகு தூரத்தில் வேலியோரம் நின்ற ஆடுகள் வெள்ளையாகத் தெரிந்தன. அங்கே ஆடு இருப்பது கண்ணுக்குத் தெரியவே இல்லை. மணிக்கு 40 கிலோமீட்டரில் போகும் வண்டி, ஓட்டுநர் சுதாரித்துப் பிரேக்கில் கால் வைக்க ஒன்றரை நொடி எடுத்தால், அதற்குள் 17 மீட்டர் உருண்டுவிடும். நிற்பதற்கான தூரம் அதற்குமேல். முப்பது மீட்டர் வெளிச்சம் ஏன் போதாது என்பது அப்போது புரிந்தது.

கேமராவுக்கும் குறை உண்டு. பகலெல்லாம் வெயிலில் காய்ந்த பாறை முன்னிரவில் உயிருள்ளதுபோல் ஒளிரும். கனமழை பெய்தால் படம் மங்கிப்போகும். “இது பார்த்துச் சொல்லும், பிரேக் போடாது” என்றார் தவுக்கே. அவர் ஆட்களுக்கு இட்டிருக்கும் விதி ஒன்றே: கேமரா இருந்தாலும் மணிக்கு இருபதுக்கு மேல் போகக்கூடாது.

மறுநாள் பகலில் நெடுஞ்சாலை ஏறி, தெமெங்கோர் ஏரியின் நடுவே பண்டிங் தீவுவரை போனோம். 1982இல் திறக்கப்பட்ட சாலை இது. கம்யூனிஸ்ட் கிளர்ச்சிக் காலத்தில் பொழுது சாய்ந்தால் மூடிவிடுவார்கள் என்றார் பெரியப்பா. “அப்போ இருட்டில் மனுஷனுக்குப் பயந்தோம். இப்போ யானைதான் நம்மைப் பார்த்துப் பயப்பட வேண்டியிருக்கு.” 1989 டிசம்பரில் ஹாட்ஜாய் உடன்படிக்கையோடு துப்பாக்கிகள் ஓய்ந்தன. சாலை இரவிலும் திறந்தது. யானைகளின் வழித்தடம் மட்டும் அதே இடத்தில்தான் இருக்கிறது.

கிழக்குக் கரைக்குக் குடும்பத்தோடு போகிறவர்கள் இந்தச் சாலையைப் பகலில் கடப்பது நல்லது. ஏரியும் காடும் கண்ணுக்கு விருந்து. இரவில்தான் போக வேண்டுமென்றால், யானைப் படம் போட்ட மஞ்சள் பலகையைக் கண்ட இடத்தில் வேகத்தைக் குறையுங்கள். நம் கார்களில் வெப்பக் கேமரா இல்லை. இருக்கிற ஒரே பாதுகாப்பு, வெளிச்சம் எட்டும் தூரத்துக்குள் நிறுத்தக்கூடிய வேகம்தான்.