காணாமற்போன கொள்ளுப்பாட்டி

உங்கள் பாட்டியைப் பெற்ற தாயாருக்கு என்ன பெயர்? தடுமாறாமல் பதில் சொல்லிவிட்டால் நீங்கள் பாக்கியசாலி! நம்மில் பெரும்பாலோருக்கு அந்த இடத்தில் நாக்குத் தடுக்கும். தாத்தாவின் தகப்பனார் பெயர் ஞாபகம் இருக்கும். அது பழைய பத்திரத்தில் இருக்கும்; பேரன் ஒருவனுக்கும் வைத்திருப்பார்கள். 'பெயரன்' என்பதுதானே பேரன் ஆயிற்று! பாட்டியின் தாயார் மட்டும், பாவம், எங்கேயோ காணாமற்போயிருப்பாள்.

இந்தக் கேள்வியையும் மூட்டை கட்டிக்கொண்டு ஜவ்வாது மலையிலுள்ள புதூர்நாட்டுக்குப் பயணமானேன்.

திருப்பத்தூரில் பஸ் ஏறி உட்கார்ந்தால், சமவெளி முடிந்ததும் வண்டி முனகிக்கொண்டே வளைந்து வளைந்து ஏறுகிறது. கீழே விட்டுவந்த ஊர்கள் கொலுப் பொம்மைகள் போலச் சிறுத்துப் போகின்றன. மேலே புதூர்நாடு, நெல்லிவாசல்நாடு, புங்கம்பட்டுநாடு என்று மூன்று 'நாடு'கள். ராஜாவும் கிடையாது, கோட்டையும் கிடையாது. மூன்றும் மலை ஊராட்சிகள். 2019-ல் வேலூரிலிருந்து பிரிந்த திருப்பத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்தவை. சரிவுகளில் சாமை விளைகிறது. புளிய மரங்கள் நிழல் விரித்து நிற்கின்றன. இங்கே வாழும் பழங்குடி மக்களுக்கு 'மலையாளிகள்' என்று பெயர். கேரளத்துக்கும் இவர்களுக்கும் சம்பந்தமில்லை. மலையை ஆள்வதால் மலையாளி; பேசுவது நம்முடைய தமிழ்தான்.

திரும்பி வந்த நாய்கள்

இவர்களுடைய முன்னோரைப் பற்றி ஒரு கதை உண்டு. பழைய வட ஆர்க்காடு மாவட்ட மானுவலில் எழுதி வைத்திருந்ததை, 1909-ல் எட்கார் தர்ஸ்டன் தம்முடைய பெரிய புத்தகத்திலும் எடுத்துச் சேர்த்தார்.

கங்குந்தியிலிருந்த வேடர்கள், காஞ்சிபுரத்து வேளாளரிடம் பெண் கேட்டார்களாம். இவர்கள் ஏளனமாக மறுத்துவிட்டார்கள். கோபம் கொண்ட வேடர்கள் ஏழு பெண்களைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். பெண்களை மீட்க ஏழு ஆண்கள், ஏழு நாய்களுடன் கிளம்பினார்கள். கிளம்பும்போது மனைவிமாரிடம், "நாய்கள் மட்டும் திரும்பி வந்தால் நாங்கள் இறந்துபோனதாக நினைத்துக் காரியங்களைச் செய்துவிடுங்கள்" என்று சொல்லிவைத்தார்கள்.

பாலாற்றில் வெள்ளம். ஆண்கள் எப்படியோ அக்கரை சேர்ந்தார்கள். நாய்களோ பாதி ஆறு நீந்திவிட்டுப் பயந்து காஞ்சிக்கே திரும்பிவிட்டன!

வேடர்களைக் கொன்றுவிட்டு ஏழு பேரும் ஊர் திரும்பியபோது, அவர்களுக்குச் சடங்குகள் எல்லாம் முடிந்திருந்தன. மனைவிமார் விதவைக் கோலத்தில் நின்றார்கள். உயிரோடு வந்து வாசலில் நிற்கிறார்கள். ஆனாலும் ஊர்க்கணக்கில் அவர்கள் இறந்தவர்கள். ஜாதியில் சேர்க்க மறுத்துவிட்டார்கள். வேறு வழியின்றி வேடர் குலப் பெண்களை மணந்து ஜவ்வாது மலையில் குடியேறி உழுது பிழைத்தார்களாம். காஞ்சியில் காணாமற்போனவர்கள், மலையில் மூதாதையர் ஆகிவிட்டார்கள்.

கதை எவ்வளவு அழகு! ஆனால் ஒரு பெண் கேட்டால் மனத்தில் கேள்வி எழாமல் இராது. தூக்கிச் செல்லப்பட்ட அந்த ஏழு பெண்கள் என்ன ஆனார்கள்? புருஷன் உயிரோடிருக்கும்போதே தாலி இழந்த ஏழு பேர் மீதிக் காலத்தை எப்படிக் கழித்தார்கள்? மலைமேல் வந்து குலம் தழைக்கச் செய்த வேடர் பெண்களுக்கு என்ன பெயர்? கதை வாய் திறக்கவில்லை.

ஜவ்வாது மலைக்குத் தெற்கே திருவண்ணாமலை மாவட்டத்தில் எடுத்தனூர் என்று ஓர் ஊர். அங்கே மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்று உண்டு. மாடுகளைக் காக்கப் போரிட்டு மடிந்த வீரனின் கல். பக்கத்தில் அவனுடைய நாயின் உருவமும் இருக்கிறது. இரண்டு கள்ளரைக் கடித்துக் காவல் நின்றதாம். அந்த நாய்க்குப் பெயர் 'கோவிவன்' என்று கல்லிலேயே பொறித்திருக்கிறார்கள். நாயின் பெயர் ஆயிரத்து முந்நூறு வருஷங்களுக்கு மேல் நிலைத்துவிட்டது. ஏழு பெண்களின் பெயர் ஏழு தலைமுறைகூட நிற்கவில்லை!

புதூர்நாட்டில் சாமை புடைத்துக்கொண்டிருந்த ஒரு மூதாட்டியிடம் என் கேள்வியைக் கேட்டேன்.

"உங்க ஆயாவுக்குப் பேரு என்னங்க ஆயா?"

"பேரா? ஆயாதான். பேரு சொல்லி யாரு கூப்பிட்டாங்க, கண்ணு?" என்று சிரித்தார்.

"எந்த ஊரிலிருந்து வாக்கப்பட்டு வந்தாங்க?"

"அது தெரியும். நெல்லிவாசல் பக்கம்."

பெயர் போய்விட்டது, பிறந்த ஊர் மட்டும் மிஞ்சியிருக்கிறது. துப்பறிகிறவனுக்கு அந்த ஒரு நூல் போதும்.

எடின்பரோவில் ஒரு மாளிகை

இந்த மாதிரி நூலைப் பிடித்துப் போவதில் கைதேர்ந்தவர்கள் ஸ்காட்லாந்துக்காரர்கள். அவர்களுக்கும் இந்த மலையடிவாரத்துக்கும் ஓர் உறவு உண்டு. 1792-ல் பாராமகால் சீமை திப்பு சுல்தானிடமிருந்து கம்பெனியார் கைக்கு மாறியது. காப்டன் ரீட் திருப்பத்தூரில் இருந்துகொண்டு நிர்வாகம் செய்தார். அவருக்கு உதவியாளராக வந்தவர்தான் கிளாஸ்கோ நகரில் பிறந்த தாமஸ் மன்றோ. சென்னையில் சேணமில்லாத குதிரைமேல் சிலையாக வீற்றிருப்பவரேதான். மன்றோ வீட்டுக்குக் கடிதங்கள் எழுதிக்கொண்டே இருந்தார். ஆகவே அவர் காணாமற்போகவில்லை. எழுதாமல் போன சிப்பாய்களும் குமாஸ்தாக்களும் எத்தனையோ பேர். அவர்களைத்தான் அங்குள்ள சந்ததியார் இன்றும் தேடுகிறார்கள்.

எப்படித் தேடுவது? எடின்பரோவில் 1774-ல் கட்டத் தொடங்கிய பதிவு மாளிகை ஒன்று இருக்கிறது. மாதாகோவில்களின் பழைய ஞானஸ்நான, விவாகப் பதிவேடுகள் எல்லாம் அங்கே வந்து சேர்ந்திருக்கின்றன. அவற்றுள் மிகப் பழையது 1553-ல் தொடங்குகிறது. 1855 ஜனவரி முதல் தேதியிலிருந்து பிறப்பு, விவாகம், மரணம் மூன்றையும் சர்க்காரில் பதிய வேண்டும் என்று சட்டம் வந்தது. இன்று கட்டணம் செலுத்தி வீட்டிலிருந்தபடியே பார்க்கலாம்.

அந்தப் பதிவுகளில் ஒரு விசேஷம் உண்டு. ஒருவர் இறந்தால் தகப்பனார் பெயரோடு தாயாரின் பெயரையும் எழுதுகிறார்கள். தாயாரின் புருஷன் வீட்டுப் பெயரோடு விடாமல், பிறந்த வீட்டுப் பெயரையும் குறிக்கிறார்கள்! கல்யாணப் பதிவிலும் அப்படியே. மாப்பிள்ளையின் தாயார், பெண்ணின் தாயார் இருவரும் பிறந்த வீட்டுப் பெயரோடு நிற்கிறார்கள். 1860-ல் எண்பது வயதில் ஒரு கிழவி இறந்தாள் என்று வையுங்கள். அவளுடைய மரணப் பதிவைத் திறந்தால், 1780-ல் அவளைப் பெற்றெடுத்தவளின் பெயர் அங்கே காத்திருக்கும். மூத்த மகனுக்குத் தகப்பனைப் பெற்ற தாத்தா பெயர், மூத்த மகளுக்குத் தாயைப் பெற்ற பாட்டி பெயர் என்ற வழக்கமும் அங்கே இருந்தது. அதனால் பேத்தியின் பெயரே பாட்டிக்குத் துப்பு.

கப்பலேறியவன் தடம் லண்டனில் தொடர்கிறது. சென்னை மாகாணத்தில் நடந்த ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் ஆகியவற்றின் நகல்கள் 1698 முதல் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. வேடிக்கை என்னவென்றால், அதே ஸ்காட்லாந்துக்காரனுக்கு இந்த மண்ணில் ஒரு பெண்ணிடம் குழந்தை பிறந்தால், பல பதிவுகளில் தகப்பன் பெயர் மட்டுமே இருக்கும். தாய் வெறும் 'சுதேசிப் பெண்' அல்லது அதுவும் இல்லை. அங்கே காணாமற்போகாத தாய், இங்கே வந்து காணாமற்போனாள்.

ஒரு நோட்டுப் புத்தகம் போதும்

நம் நாட்டில் பிறப்பு, இறப்புப் பதிவை எங்கும் கட்டாயமாக்கிய சட்டம் 1969-ல்தான் வந்தது. புதூர்நாட்டுக் குடும்பங்களுக்கு மூதாதையர் ஆராய்ச்சி பொழுதுபோக்கு அல்ல. பள்ளிக்கூடமானாலும் உத்தியோகமானாலும் பழங்குடிச் சான்றிதழ் வேண்டும். வருவாய்க் கோட்டாட்சியர் விசாரிக்கும்போது தகப்பனார் வீட்டுக் காகிதம் இருக்கிறதா, உறவினர் சான்று இருக்கிறதா என்பதெல்லாம் கேள்வியாகிறது. காகிதம் இல்லாதவர்கள், வாசலில் உயிரோடு நின்ற அந்த ஏழு பேரைப் போலத்தான் நிற்கவேண்டியிருக்கிறது.

எடின்பரோ ஏடுகளிலும் ஓர் ஓட்டை உண்டு. இறந்தவளின் தாயார் பெயரைச் சொல்ல வீட்டில் ஒருவருக்கேனும் தெரிந்திருக்க வேண்டும். தெரியாவிட்டால், அந்த மாளிகையும் என்ன செய்யும்?

ஆகையால், சகோதரிகளே, ஒரு நோட்டுப் புத்தகம் அளவுக்குத்தான் வேலை. வீட்டிலுள்ள மிக மூத்த பெண்மணியின் பக்கத்தில் சாவகாசமாக உட்காருங்கள். அவருடைய பெயர், அவர் தாயார் பெயர், பிறந்த ஊர், எந்த வீட்டுப் பெண் என்பதை எழுதிக்கொள்ளுங்கள். தாத்தாவைப் பற்றி அவரே சொல்லிவிடுவார். நீங்கள் பாட்டியைப் பற்றிக் கேளுங்கள். முடிந்ததும் கடைசி வரியில் உங்கள் பெயரையும் முழுமையாக எழுதுங்கள். நாளைக்கு ஒரு கொள்ளுப்பேத்தி தேடி வருவாள்.