எட்டே எட்டு பைட்!



ஒரகடம் ரோட்டில் கன்டெய்னர் லாரியைப் பார்க்காதவர் நம்மில் யார்? கம்பெனி கேட்டை விட லோடு நாலு விரல் உயர்ந்தாலும் உள்ளே போகாது. வாட்ச்மேன் சொன்னால் டிரைவர் லோடைக் குறைத்துக்கொண்டு வருவார். சொல்ல ஆளே இல்லையென்றால்? வீட்டு பிராட்பேண்டிலும் இந்தக் கூத்து நடக்கிறது!

எங்கள் வடக்குப்பட்டில் அத்தை ஒருவர், மகள் படிப்புக்காக லைன் போட்டார். மாசக் கட்டணம், மகன் நைட் ஷிப்ட் பார்க்கும் காசு. யூடியூப் நன்றாக ஓடும். கல்லூரி விண்ணப்பப் பக்கம் மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கும். மகனின் போனிலோ அதே பக்கம் உடனே திறந்தது. "இதெல்லாம் நம்ம மாதிரி ஜனங்களுக்கு ஒத்து வராதுடா. லைன எடுத்துடப் போறேன்" என்றார் அத்தை. அந்தப் பெண் வாயே திறக்கவில்லை.

சில பக்கம் வருது, சில பக்கம் வரல என்றால் எம்டியூவைச் சந்தேகப்படலாம். ஒரு பாக்கெட்டின் உச்ச அளவுதான் எம்டியூ. 1980-ல் டிஜிட்டல், இன்டெல், ஜெராக்ஸ் சேர்ந்து வெளியிட்ட ஈதர்நெட் விதியில் அது 1500 பைட். யூசர்நேம், பாஸ்வேர்டு கேட்கும் பிபிபிஓஇ முறை இணைப்பில், ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் 8 பைட் உறை கூடுதல். மிச்சம் 1492. எதிர்முனை 1500 பைட்டில் அனுப்பினால் நடுவழியில் நிற்கும். "பெரிசா இருக்கு, குறை" என்ற தகவல் திரும்பிப் போக வேண்டும். அதை ஏதாவது ஃபயர்வால் தடுத்துவிட்டால் பக்கம் சுற்றிக்கொண்டே கிடக்கும்.

அளந்து பார்த்தோம். பிங் கட்டளையில் 'துண்டாக்காதே' என்ற குறியைச் சேர்த்து 1472 பைட் அனுப்பினோம். போகவில்லை. குறைத்துக்கொண்டே வந்தோம். 1465 போகவில்லை, 1464 போனது! அதோடு ஐபி தலைப்பு 20, ஐசிஎம்பி தலைப்பு 8 கூட்டினால் 1492. ரூட்டரில் 1500 என்று இருந்ததை 1492 ஆக்கினோம். இனி இணைப்பு தொடங்கும்போதே, ஒரு பாக்கெட்டில் 1452 பைட்டுக்கு மேல் சரக்கு ஏற்றாதே என்று ரூட்டர் எதிர்முனைக்குச் சொல்லிவிடும். விண்ணப்பப் பக்கம் திறந்தது. அந்தப் பெண்ணே உட்கார்ந்து பூர்த்தி செய்தாள். லைன் இன்னும் இருக்கிறது.

ஒரு எச்சரிக்கை! எம்டியூவைக் குறைத்தால் வேகம் கூடும் என்று சிலர் சொல்வார்கள். நம்பாதீர்கள். பாக்கெட் சிறுத்தால் எண்ணிக்கை பெருகும், தலைப்புச் சுமைதான் கூடும். பிபிபிஓஇ இல்லாத பல இணைப்புகளுக்கு 1500 தான் சரி. அளக்காமல் மாற்றாதீர்கள்.

அத்தை வீட்டில் படிப்பில் குறையில்லை, பணம் கட்டுவதிலும் குறையில்லை. எட்டு பைட்தான் இடித்தது. உங்கள் தெருவிலும் யாராவது "நமக்கு ஒத்து வராது" என்று ஒதுங்கினால், ஆளை எடை போடாதீர்கள். பாக்கெட்டை அளந்து பாருங்கள், தோழர்களே!