பசி மட்டும் மிஞ்சிய கோக்கு

2024 மார்ச் 1 அன்று அகிரா தோரியாமா மறைந்தார். அவர் வரைந்த 'டிராகன் பால்' மாங்காவும் அதைத் தழுவிய அனிமே தொடரும் எங்களில் பலருக்கு நெடுநாள் துணையாக இருந்தவை. இரங்கற்குறிப்பு எழுதுவதைக் காட்டிலும் அவருடைய உலகினுள் மீண்டும் ஒருமுறை நடந்து வருவதே முறை என்று எண்ணினோம். அதற்கு நாங்கள் தெரிவு செய்தது, ஃபேமிகாம் கருவிக்காக பாண்டாய் 1986 நவம்பர் 27இல் வெளியிட்ட விளையாட்டு. பெயர் 'ஷென்ரான் நோ நாஸோ'; ஷென்ரானின் புதிர் என்று தமிழில் சொல்லலாம். அனிமே தொடர் அதே ஆண்டு பிப்ரவரியில்தான் தொலைக்காட்சிக்கு வந்திருந்தது.

விளையாடி முடித்தபோது எங்களுக்கு எஞ்சியது ஏமாற்றம். ஆனால் அது கருவியின் எளிமையால் வந்ததன்று. பழைய விளையாட்டுகளின் சதுரப் புள்ளிகளை நேசிப்பவர்கள் நாங்கள். குறைந்த வண்ணங்களுக்காக எதையும் ஒதுக்கியதில்லை.

இவ்விளையாட்டில் பெரும்பகுதி நேரம் கோக்குவை மேலிருந்து பார்த்தபடி நடத்திச் செல்கிறோம். பெரிய எதிரிகளுடன் மோதும்போது காட்சி பக்கவாட்டுக்கு மாறுகிறது. இதற்கிடையே அவனுடைய ஆற்றலைக் குறிக்கும் எண் இடைவிடாது குறைந்துகொண்டே வருகிறது. அடி வாங்கினால் மட்டுமல்ல, சும்மா நின்றாலும் குறைகிறது. உணவு கிடைத்தால் ஏறும். கிடைக்காவிட்டால் கதை முடிந்தது. கோக்கு தீராப் பசிக்காரன் என்பது வாசகர் அறிந்ததே. மாங்காவில் அப்பசி நகைச்சுவையின் ஊற்று. இங்கோ அது முதுகில் விழும் சாட்டை.

தோரியாமாவின் பக்கங்களில் நின்று பார்ப்பதே இன்பம். உருண்டைக் கூரை வீடுகள், சிமிழிலிருந்து வெடித்து வெளிவரும் வாகனங்கள், ஆளற்ற பாலையின் வெண்மை. கதை ஓடினாலும் கண் ஓரிடத்தில் தங்கும். அவ்வுலகின் விளையாட்டு நம்மை ஓரிடத்திலும் நிற்கவிடாது விரட்டுகிறது. பாத்திரங்கள் வருகிறார்கள், பெயர்கள் வருகின்றன, அவற்றை வாழவைத்த ஓய்வு மட்டும் வரவில்லை.

அந்நாளைய கருவிக்கு அவ்வளவுதான் இயலும் என்று சிலர் சொல்லக்கூடும். அவ்வாதத்தை மறுக்க வேறொரு விளையாட்டே போதும். இதற்கு ஆறு மாதம் முன்பு, 1986 மே 27இல், அதே ஃபேமிகாமில் எனிக்ஸ் வெளியிட்ட 'டிராகன் குவெஸ்ட்' வந்தது. வடிவமைத்தவர் யூஜி ஹோரீ; பாத்திரங்களையும் அரக்கர்களையும் வரைந்தவர் இதே தோரியாமா. ஹோரீ குழகுழவென்று வரைந்து கொடுத்த ஸ்லைம் என்னும் உயிரை, தோரியாமா நீர்த்துளி வடிவில் புன்னகைக்க வைத்தார். சில புள்ளிகளால் ஆன அத்துளியில் அவருடைய கை தெரிகிறது. ஏனெனில் அது அந்த விளையாட்டுக்காகவே பிறந்தது. கோக்குவோ வேறிடத்தில் பிறந்து, இங்கே கொண்டுவந்து நிறுத்தப்பட்டவன்.

இருப்பினும் ஜப்பானில் 'ஷென்ரானின் புதிர்' பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட பிரதிகள் விற்றது. விற்றது எது, விளையாட்டா பெயரா என்ற ஐயம் எழுவது இயல்பே. அதற்கு விடைபோல் ஒன்று 1988இல் அமெரிக்காவில் நிகழ்ந்தது. அங்கு அத்தொடர் பரவலாக அறியப்படாத காலம் அது. ஆகவே தலைப்பு 'டிராகன் பவர்' ஆயிற்று; புல்மா நோரா ஆனாள்; டிராகன் உருண்டைகள் படிக உருண்டைகளாயின; கோக்குவின் பெயர் தப்பியது, முகம் குரங்குச் சாயலுக்கு மாறியது. இத்தனை மாறியும் விளையாட்டின் இயக்கம் ஏறத்தாழ அப்படியே இருந்தது. தோரியாமாவின் உலகைக் கழற்றி எடுத்தாலும் குலையாத விளையாட்டில் அவ்வுலகம் எவ்வளவு ஆழம் வேரோடியிருக்கும்?

கதைகளை நேசிக்கும் நமக்கு இது புதிய துயரமன்று. நாவல் திரைப்படமாகும்போதும் இதே கேள்வியைத்தான் கேட்கிறோம். பாத்திரங்களின் பட்டியல் சரியாக இருப்பது போதாது. அப்படைப்பு நம்மை எந்த வேகத்தில் நடக்கவிட்டது என்பதையும் தழுவல் அறிந்திருக்க வேண்டும்.

தோரியாமாவின் கையை அக்கருவியில் காண விரும்பும் நண்பர்கள் 'டிராகன் குவெஸ்ட்' பக்கம் செல்லட்டும். கோக்குவைத் தேடுவோருக்கு 42 தொகுதி மாங்கா இருக்கிறது; அதில் எத்தனை நேரம் நின்றாலும் ஆற்றல் குறைவதில்லை.