நூற்றுப் பதினான்கு படங்களில் ஓர் ஊசி

கொழும்பு மாநகரின் ஜிந்துப்பிட்டி என்றதும் கலைப்பீட மாணவர் பலருக்கு நாடகமே நினைவுக்கு வரும். தலைநகரின் தமிழ் மேடைக்கு அத்தெருக்கள் ஆற்றிய பணி பலரும் எழுதிய செய்தி. ஆயினும் அதே தெருக்களுக்குப் பிறிதொரு முகமும் உண்டு. சிவசுப்பிரமணிய சுவாமி கோவிலைக் கடந்து சிறிது தூரம் நடந்தால் செட்டியார் தெரு வந்துவிடும். அங்கே பொன் விற்போரின் வரிசையும், அவ்வரிசைக்குப் பின்னால் ஒடுங்கிய சந்துகளில் பொற்கொல்லர் பட்டறைகளும், கல் பதிப்போரின் சிறு மேசைகளும் உள்ளன. இத்தொழிலாளர் யாவரிடத்தும் பொதுவாகக் காணப்படும் கருவி, கண்ணிலே இடுக்கிக்கொள்ளும் பத்து மடங்குப் பூதக்கண்ணாடியே. ஒரு நீலக்கல்லின் விலையை அக்கண்ணாடியும் அதை அணிந்த கண்ணுமே பரம்பரை பரம்பரையாகத் தீர்மானித்து வந்தன.

அத்தகைய குடும்பமொன்றிற் பிறந்த இளைஞன் ஒருவன், பட்டறைக்கு மேலேயுள்ள அறையில் மாணிக்கக்கற்களின் உட்புறத்தைப் படம்பிடிக்கிறான். அவனுடைய கருவி காண்போரைக் கவரும் தோற்றமுடையதன்று. பழைய நுணுக்குக்காட்டியொன்றின் நுண்சரிசெய் திருகுப் பகுதியைக் கழற்றி, கனத்த இரும்புத் தகட்டிற் படுக்கவைத்துப் பூட்டியிருக்கிறான். அதன்மேற் கல் அமர்கிறது. எதிரே கமரா; அதற்கு முன்னே றெயினொக்ஸ் வில்லையொன்று; அதற்கும் முன்னே, கையிருப்புக் கருவிகளில் அரிதாக அகப்பட்ட மிட்டுடோயோ பத்து மடங்குப் பொருள்வில்லை. சாதாரண நுணுக்குக்காட்டியின் பொருள்வில்லை பொருளை முட்டுமளவுக்கு நெருங்கி நிற்கும். இதுவோ 33.5 மில்லிமீற்றர் விலகி நின்றே தெளிவாகக் காண்கிறது. மோதிரத்திற் பதித்த கல்லாயினும் பக்கவாட்டில் ஒளியைச் செலுத்த இடம் கிடைக்கிறது. இப்பணிக்கெனவே மோட்டர் பூட்டிய தண்டவாளங்கள் விற்பனைக்கு உண்டு. அவனிடம் இருப்பது திருகு ஒன்றே. ஒரு முழுச்சுற்றுக்கு 200 மைக்கிரோமீற்றர். சுற்றில் 100 பிரிவுகள். எனவே பிரிவொன்றுக்கு 2 மைக்கிரோமீற்றர்.

இவ்வளவு நுண்ணிய அசைவு எதற்கு என்ற வினா எழலாம். பெருக்கம் கூடக்கூடத் தெளிவாகத் தெரியும் ஆழம் குறைந்து செல்லும் என்பது ஒளியியலின் விதி. மேற்கூறிய பொருள்வில்லையின் ஒளியேந்தும் திறன் 0.28 என்னும் எண்ணாற் குறிக்கப்படும். அதன் வழியே ஒரே படத்தில் தெளிவாக விழும் படையின் தடிப்பு ஏறத்தாழ 7 மைக்கிரோமீற்றர், அதாவது தலைமயிரின் தடிப்பிற் பத்திலொரு பங்கு. அதற்கு முன்னும் பின்னும் உள்ளவை யாவும் புகைமூட்டமே. துவாரத்தை ஒடுக்கினால் ஆழம் கூடும். ஆனால் ஒடுங்கிய துவாரத்திற் புகும் ஒளி அலையாகப் பரந்து, எல்லாவற்றையும் ஒருசேர மங்கச் செய்துவிடும். ஆழத்தை விரும்பினால் கூர்மையை இழக்கவேண்டும்; கூர்மையை விரும்பினால் ஆழத்தை இழக்கவேண்டும்.

இவ்விடரைத் தாண்டும் வழியே குவிய அடுக்கு முறை. கல்லைச் சிறிது சிறிதாக நகர்த்தி, ஒவ்வொரு நிலையிலும் ஒரு படம் எடுத்து, ஒவ்வொன்றிலும் கூர்மையான பகுதியை மட்டும் கணனியினாற் பொறுக்கி ஒரே படமாக்குவது அது. கருத்தளவில் இது புதியதன்று. 1665இல் வெளிவந்த ‘மைக்ரோகிராபியா’வின் ஆசிரியர் றொபேட் ஹூக், ஒரு பூச்சியைப் பல ஒளியிலும் பல நிலையிலும் திரும்பத் திரும்ப நோக்கிய பின்னரே வரையத் தொடங்கினார். அங்கே அடுக்கும் வேலையைக் கண்ணும் நினைவும் செய்தன. 1964இல் அமெரிக்கரான மக்லக்லன் வேறொரு வழி கண்டார். மெல்லிய ஒளித்தகடு ஒன்றைக் குவியத்தில் நிறுத்தி, திறந்த கமராவின் முன் பொருளை அத்தகட்டினூடே நகர்த்தினார். ஒளிபட்ட படை மட்டுமே படச்சுருளிற் பதிந்தது. இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் அலன் ஹட்லியின் கொம்பைன்இசட் போன்ற இலவச நிரல்களும், பின்னர் ஹெலிக்கன் போக்கஸ், செரீன் ஸ்ராக்கர் என்பனவும் வந்ததன் பயனாக அது வீட்டு மேசைக்கு வந்து சேர்ந்தது. 2016இல் ஒக்ஸ்போட் இயற்கை வரலாற்று நூதனசாலையில் லெவன் பிஸ் காட்சிக்கு வைத்த பூச்சிப் படங்கள், ஒவ்வொன்றும் எண்ணாயிரத்துக்கு மேற்பட்ட தனிப்படங்களால் ஆனவை.

எனினும் பூச்சிக்கும் மாணிக்கத்துக்கும் ஒரு பெரு வேறுபாடுண்டு. பூச்சியின் மேனி ஒளிபுகாதது; ஓரிடத்தில் ஒரு மேற்பரப்பே தெரியும். கல்லோ ஒளிபுகவிடுவது. ஒன்றன்பின் ஒன்றாக எத்தனையோ பொருள்கள் ஒரே கோட்டிற் கிடக்கும். எதனைக் கூர்மையானதென எடுப்பது, எதனை விடுப்பது என்பதிலே கணனி தடுமாறுகிறது. அத்தடுமாற்றத்திற்குப் பணப்பெறுமதியும் உண்டு.

இலங்கை நீலக்கல்லினுள்ளே ‘பட்டு’ எனப்படும் நுண்ணிய ஊசிகள் காணப்படுதல் இயல்பு. அவை தைத்தேனியம் ஒட்சைட்டாலான ரூற்றைல் ஊசிகள். ஒரே தளத்தில் மூன்று திசைகளிற் கிடந்து 60 பாகையில் ஒன்றையொன்று வெட்டும். கல்லைக் கடுமையாகச் சூடாக்கினால் அவ்வூசிகள் முதலிற் புள்ளிகளாக முறியும். இன்னும் சூடேறினாற் கரைந்துபோகும். கரைந்த தைத்தேனியம் இரும்புடன் சேர்ந்து நீலநிறத்தைத் தரும். 1970களில் இரத்தினபுரிப் பகுதியில் ‘கெவுட’ எனக் கழித்துவிடப்பட்ட பால்நிறக் கற்களைத் தாய்லாந்து வணிகர் மலிவாக வாங்கிச் சென்று, உலையிலிட்டு நீலமாக்கி விற்ற வரலாறு இதுவே. நாட்டின் செல்வம் நாட்டினர் அறியாமலே கப்பலேறியது என்றால் மிகையன்று. அன்று தொட்டு, சூடுபடாத கல்லுக்குச் சந்தையில் தனி மதிப்பு. ஊசி முழுமையாக உள்ளதா, முறிந்துள்ளதா என்ற வினா விலையைப் பன்மடங்கு மாற்றவல்லது.

இங்கேதான் தனிப்படம் ஏமாற்றுகிறது. பட்டை தீட்டுவோர் நிறத்தையும் எடையையும் கருதியே கல்லை வெட்டுவர். ஆதலின் ஊசிகள் கிடக்கும் தளம் மேற்பரப்புக்குச் சாய்வாக அமைதல் பெருவழக்கு. சாய்ந்து செல்லும் ஊசி, 7 மைக்கிரோமீற்றர் படையைவிட்டு வெளியேறியதும் மங்கி மறைகிறது. படத்திற் பார்ப்பவர்க்கு அது முறிந்த ஊசி போலவே தோன்றும். அது முறிவா, மங்கலா என்பதை ஆழம் முழுவதையும் கண்டபின்பே சொல்ல இயலும்.

கணக்கிலும் ஒரு நுட்பம் உண்டு. நீலக்கல்லின் முறிவுச் சுட்டி ஏறத்தாழ 1.76. குளத்து நீரின் அடி மேலெழுந்து தோன்றுவதுபோலக் கல்லின் ஆழமும் குறுகித் தோன்றும். 1.2 மில்லிமீற்றர் ஆழமுள்ள ஊசிக்கூட்டம் வெளியிலிருந்து 0.68 மில்லிமீற்றராகவே தெரியும். மூன்று பிரிவுக்கு ஒரு படம், அதாவது 6 மைக்கிரோமீற்றருக்கு ஒன்று என எடுத்தால் 114 படங்கள் போதும்.

போதும் என்று எழுதுவது எளிது. துறைமுகத்திலிருந்து வரும் கொள்கலன் லொறியொன்று தெருமுனையில் திரும்பினால் மாடியறையின் பலகைத்தளம் அதிரும். அவ்வதிர்வில் ஊசியின் படம் இரட்டையாகிவிடும். அதனால் நள்ளிரவு கடந்தே வேலை; கோவில் மணி ஒலிக்குமுன் முடித்துவிடவேண்டும். இரவின் குளிர்ச்சிக்கு வேறொரு பயனும் உண்டு. சூடுபடாத சில கற்களின் நுண்குழிகளிற் காபனீரொட்சைட்டு திரவமும் வாயுவுமாக அடைபட்டிருக்கும். உள்ளே ஒரு குமிழி தெரியும். 31 பாகை செல்சியசை எட்டுமுன்னரே அக்குமிழி மறைந்துவிடும். கொழும்பின் பங்குனி மாத நண்பகலில் அதைத் தேடுபவர், இல்லையென்றே எழுதிவைப்பார்.

ஒருமுறை அவனுடைய சித்தப்பா நீலக்கல்லொன்றைக் கொண்டுவந்தார். சூடுபடாதது என்ற வாய்ச்சொல்லை நம்பி, அதற்கேற்ற விலை கொடுத்து வாங்கியது. வாடிக்கையாளர்க்குக் காட்டப் படம் வேண்டுமென்றார். அவன் இரவிருந்து 114 படங்களை எடுத்து இருவகையாக அடுக்கினான். முதல் வகை, ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் ஆழத்தைத் தீர்மானித்து அவ்வாழத்துப் படத்தையே எடுத்துக்கொள்வது. நிறமும் தன்மையும் கெடாது, ஆனால் பொருள்கள் ஒன்றன்மேலொன்று வரும் இடங்களிற் பிழைக்கும். மற்றது, நுட்பங்களை அளவுவாரியாகப் பிரித்துச் சேர்ப்பது. குறுக்கிடும் ஊசிகளை நன்கு காக்கும், ஆனால் இரைச்சலையும் தூசியையும் பெருக்கிக் காட்டும். முதற் படத்தில் நடு ஊசி அறுபடாத வெள்ளிக்கம்பியாக ஓடியது. இரண்டாவதில் அதே ஊசி புள்ளிவரிசை.

சித்தப்பாவின் கேள்வி நேரானது. “முதல் படத்தையே குடுத்தா என்ன, தம்பி? அதுவும் நீ எடுத்ததுதானே?”

அது பொய்யென்று சட்டெனச் சொல்லவும் இயலாது. அதிலுள்ள ஒவ்வொரு துளி ஒளியும் அக்கல்லிலிருந்தே வந்தது. ஆனால் அவ்வடிவில் அக்கல்லை எந்தக் கண்ணும் ஒருபோதும் கண்டதில்லை. அடுக்கிய படம் சாட்சியன்று. சாட்சிகள் பலர் சொன்னவற்றை ஒருவர் தொகுத்து எழுதிய அறிக்கை. எழுதுபவர் கணனியாயின் அதற்கு நாணமும் இல்லை, அச்சமும் இல்லை.

அவன் தொகுப்பை விட்டுத் தனிப்படங்களுக்குத் திரும்பினான். 61 முதல் 68 வரையான எட்டையும் சித்தப்பாவின் முன் ஒவ்வொன்றாகத் தள்ளிக் காட்டினான். 61இல் ஒரு புள்ளி கூர்மையாகத் தெரிந்து மறைந்தது, 62இல் அதற்கடுத்தது, 63இல் இன்னொன்று. இரு புள்ளிகளுக்கு இடைப்பட்ட வெளியில் எந்தப் படத்திலும் எதுவும் இல்லை. அங்கே குறுக்காகச் சென்ற வேறோர் ஊசியின் துண்டுகளை எடுத்தே முதற் படம் இடைவெளியை நிரப்பியிருந்தது. சற்றுத் தள்ளி, பளிங்குத் துணுக்கொன்றைச் சூழ்ந்து வட்டவடிவான விரிசலும் இருந்தது. சூடுபட்ட கற்களில் அடிக்கடி காணப்படும் அடையாளம் அது. இயற்கையிலும் புள்ளிவரிசைகள் உண்டாதலின் அவன் தீர்ப்புச் சொல்லவில்லை. அகச்சிவப்புக் கதிர்ச் சோதனை செய்யும் ஆய்வுகூடத்துக்கு அனுப்புமாறே சொன்னான். சித்தப்பா இரண்டு நாள் அவனோடு பேசவில்லை.

கல் ஆய்வுகூடம் சென்று ‘வெப்பமூட்டப்பட்டது’ என்ற அறிக்கையுடன் திரும்பியது. வாங்கிய விலைக்கும் குறைவாகவே விலைபோயிற்று. இப்போது அந்த அறையிலிருந்து வெளியேறும் ஒவ்வொரு படத்தின் அடியிலும் படங்களின் எண்ணிக்கை, நகர்த்திய அளவு, அடுக்கிய முறை மூன்றும் குறிக்கப்படுகின்றன. தனிப்படங்களும் உறையிலிட்டு உடன் கொடுக்கப்படுகின்றன. அடுத்த மாதம் சித்தப்பா வேறொரு கல்லுடன் மாடிப்படி ஏறி வந்தார். வேலை முடிந்ததும் அடுக்கிய படத்தை ஒருபுறம் ஒதுக்கிவைத்து, கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு, தனிப்படங்களை முதலிலிருந்து காட்டுமாறு கேட்டார்.