இழுகயிறு கட்டிய குன்றுக்காரர்களுக்கு

வெர்மான்ட், நியூ ஹாம்ப்ஷயர், மாசசூசெட்ஸ் மலைச்சரிவுகளில் சின்னச் சின்னப் பனிச்சறுக்குக் குன்றுகளை நடத்தி, ஒரு குளிர்காலத்தில் எஞ்சினை நிறுத்திவிட்டுப் போன பெரியவர்களுக்கும் அவர்கள் குடும்பத்தாருக்கும் இந்த மடல்.

உங்களில் ஒருவரையும் எனக்கு நேரில் தெரியாது. நான் நடுவயதில் இந்தப் பக்கம் குடிவந்தபோது உங்கள் சரிவுகளில் பிர்ச் மரங்கள் ஆளுயரத்தைத் தாண்டியிருந்தன. ஆனாலும் கடன் கடன்தான். என் மகளுக்குப் பனிச்சறுக்கு சொல்லிக்கொடுத்த பள்ளி ஆசிரியை, மவுண்ட் டாமில் கற்றவர். ஹோலியோக் என்னும் காகித ஆலை ஊரை ஒட்டிய மலை அது. பள்ளி விட்டதும் பிள்ளைகள் கூட்டமாகப் போய், மின்விளக்கு வெளிச்சத்தில் விழுந்து எழுந்து பழகிய இடம். 1998இல் மூடிவிட்டார்கள். “முதலில் நிற்கப் படி, அப்புறம் ஓடலாம்” என்று ஆசிரியை மகளை அதட்டும்போதெல்லாம், அந்த மலையில் யாரோ அவரை அதட்டியது என் வீடுவரை வந்து சேர்ந்திருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன்.

உங்கள் கதை ஒரு பண்ணையில் தொடங்கியது. 1934 ஜனவரி, வெர்மான்ட்டின் உட்ஸ்டாக். அங்கே விடுதி நடத்திய ராய்ஸ் தம்பதி, விருந்தாளிகளின் புலம்பலைக் கேட்டுச் சலித்துப்போயிருந்தார்கள். பாடுபட்டு மேலே ஏறினால் இறக்கம் சில நிமிடத்தில் முடிந்துவிடுகிறதே என்பதுதான் புலம்பல். கனடாவின் ஷாப்ரிட்ஜில் ஒருவர் கார் எஞ்சினால் கயிற்றை ஓட்டி ஆட்களை மேலே இழுப்பதாகக் கேள்விப்பட்டு, கிளிண்டன் கில்பர்ட்டின் மேய்ச்சல் நிலத்தில் பழைய மாடல் டி ஃபோர்டு எஞ்சினை வைத்து அதையே செய்தார்கள். அமெரிக்காவின் முதல் இழுகயிறு அதுதான். அடுத்தடுத்த ஆண்டுகளில் எஞ்சினும் சரிவும் கயிறு வாங்கக் காசும் இருந்தவர்களெல்லாம் கட்டத் தொடங்கினீர்கள். பண்ணைக்காரர், ஊர்ச் சங்கம், பள்ளிக்கூடம், தீயணைப்புப் படை என்று யார்தான் கட்டவில்லை!

அந்தக் கயிற்றைத் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. நம் ஊர்த் தேரில் வடத்தை நாம் இழுப்போம்; இங்கே வடம் நம்மை இழுக்கும். இருக்கையோ பிடிமானமோ கிடையாது. ஓடிக்கொண்டிருக்கும் கயிற்றைக் கையுறைக்குள் நழுவவிட்டபடி மெல்ல மெல்ல இறுக்க வேண்டும். சட்டென்று இறுக்கினால் தோள் கழன்றுவிடும்போல் இருக்கும். பனியில் நனைந்து ஊறிய கயிறு, சின்னப் பிள்ளை தூக்க முடியாத கனம். ஓடும்போது முறுக்கிக்கொள்ளும் என்பதால் கழுத்துத் துண்டு, தொங்கும் கோட்டு எதையும் அதன் பக்கத்தில் கொண்டுபோகக்கூடாது. கையை விட மறந்து உச்சிச் சக்கரம்வரை போகிறவர்களுக்காக ஒரு கம்பி கட்டியிருப்பீர்கள்; கால் பட்டதும் எஞ்சின் அணைந்துவிடும். எங்கள் தெருப் பெரியவர் ஒருவர் சிறுவயதில் போட்ட தோல் கையுறையைக் காட்டினார். உள்ளங்கை மட்டும் வேறு தோல் வைத்துத் தைத்திருந்தது. தைத்தது அவருடைய அம்மா. கம்பளிக் கையுறை கயிற்றுக்கு ஒரு வாரம் தாங்காதாம்.

பனி குறைந்தது, நீங்கள் மூடினீர்கள் என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பனி இல்லாத குளிர்காலங்கள் உங்களை அடித்தது உண்மை; 1979–80 போன்ற ஒரு பருவம் போதும், கையிருப்பு காலி. ஆனால் வெர்மான்ட்டின் ஹாக்பேக் மலை நல்ல உயரத்தில், நல்ல பனி விழும் இடத்தில்தான் இருந்தது. அதுவும் 1986இல் போய்விட்டது. பெரிய நெடுஞ்சாலைகள் வந்ததும் பாஸ்டன்காரர் உங்கள் வாசலில் நிற்காமல் வடக்கே பெரிய மலைகளுக்குப் பறந்தார். 1950இல் கனெக்டிகட்டில் பிறந்த செயற்கைப் பனி எந்திரம் பெரிய மலைகளைக் காப்பாற்றியது; உங்களுக்கு அதற்கான குளமும் குழாயும் மின்கட்டணமும் கட்டுப்படியாகவில்லை. 1974இல் வெர்மான்ட்டின் பெரிய மலையொன்றில், கற்றுக்குட்டிப் பாதையில் பனிக்குள் மறைந்திருந்த புதரில் மாட்டி ஒரு இளைஞர் கைகால் செயலிழந்தார். அவருக்கு 15 லட்சம் டாலர் என்று 1977இல் தீர்ப்பாயிற்று. அவர் கேட்டது நியாயம்தான். ஆனால் அதன் பிறகு ஏறிய காப்பீட்டுக் கட்டணம், ஞாயிற்றுக்கிழமை மட்டும் எஞ்சினை ஓட்டிய பண்ணைக்காரர் தலையிலும் விழுந்தது. மூட்டை கட்டாமல் வேறென்ன செய்வீர்கள்?

 

இந்த மாநிலங்களை உள்ளடக்கிய நியூ இங்கிலாந்துப் பகுதியில் மட்டும் இப்படி மறைந்த குன்றுகள் 600க்கும் மேல். ஜெரமி டேவிஸ் என்ற வானிலையாளர் 1998 முதல் ஒவ்வொன்றாகத் தேடிப் பதிவுசெய்து, புத்தகங்களும் எழுதியிருக்கிறார். அவருக்கும் இந்த மடலில் ஒரு நன்றி. அவர் வேலை இல்லாவிட்டால், காட்டுக்குள் துருப்பிடித்துக் கிடக்கும் சக்கரம் எந்தக் குன்றுடையது என்று எனக்கெங்கே தெரியும்?

சில பெரிய மலைகளில் ஒரு நாள் சீட்டு இன்று 200 டாலரைத் தாண்டுகிறது. அதைப் பார்க்கும்போதுதான் நீங்கள் செய்தது என்னவென்று உறைக்கிறது. ஆலைத் தொழிலாளி பிள்ளையும் பால்காரர் பிள்ளையும் சில்லறைக் காசில், அண்ணன் போட்டுப் பழசான பூட்ஸில், வீட்டுக்குப் பக்கத்திலேயே பனிச்சறுக்கு கற்றார்கள். அதில் உங்களுக்குப் பெரிய லாபம் வந்திருக்காது. சாயங்காலம் எஞ்சினுக்கு எண்ணெய் விட்டதும், அறுந்த கயிற்றை முறுக்கிப் பின்னியதும் யார் கணக்கிலும் இல்லை.

ஆனால் எல்லாக் குன்றுகளும் மறைந்துவிடவில்லை; வெர்மான்ட்டின் ஈஸ்ட் கொரிந்தில் 1936இல் கட்டிய குன்றை ஊரார் இன்றும் சம்பளமில்லாமல் நடத்துகிறார்கள். 2010இல் மூடிய, அதே மாநிலத்து ஆஸ்கட்னி மலையில் பெரிய லிஃப்டுகளெல்லாம் விலைபோயின; வெஸ்ட் விண்ட்சர் ஊரார் மலையை வாங்கி, சின்னதாக ஓர் இழுகயிற்றோடு மறுபடி தொடங்கினார்கள். நீங்கள் தொடங்கிய மாதிரியேதான்.

கடைசியாக ஒரு விண்ணப்பம். உங்கள் வீட்டுப் பரணில் பழைய சீட்டுக் கட்டு, வரவுசெலவு நோட்டு, கைவிளம்பரம், கயிற்றில் பிள்ளைகள் தொங்கும் படம் ஏதாவது கிடந்தால் குப்பையில் போட்டுவிடாதீர்கள். ஊர் வரலாற்றுச் சங்கத்திடமோ பிராங்கோனியாவில் உள்ள நியூ இங்கிலாந்து ஸ்கி அருங்காட்சியகத்திடமோ கொடுங்கள். படத்தின் பின்னால் எந்தக் குன்று, எந்த ஆண்டு, எஞ்சினைப் பார்த்துக்கொண்டது யார் என்பதைப் பென்சிலால் எழுதிவிடுங்கள்.


மவுண்ட் டாம் மாணவியிடம் கற்ற ஒரு பிள்ளையின் தகப்பன்