மடிமீது கிதார்

வீணையில் பழகிய விரல்கள் வேறொரு கருவியை நாடும்போது பழைய பழக்கம் துணை நிற்குமா, தடை செய்யுமா? இரண்டும் உண்டு என்பதே நான் கண்டது.

பன்னிரண்டு ஆண்டுகள் வீணை பயின்ற எனக்கு, இடக்கை ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் மூட்டு வீக்கம் வந்தது. தந்தியை அழுத்தி இழுக்க இயலவில்லை. வீணையை உறையிட்டு வைத்தேன், பாடுவதும் நின்றுபோயிற்று. அந்நிலையில் அமெரிக்காவிலிருந்து வந்த என் அண்ணன் மகன் கொணர்ந்ததுதான் ரெசொனேட்டர் கிதார். மடியில் மல்லாத்தி வைத்து, எஃகுக் கட்டை ஒன்றைத் தந்திகளின் மேல் நகர்த்தி வாசிக்க வேண்டும். அழுத்தவே வேண்டா.

"என்னடி இது, மரத்திலே இட்டிலித் தட்டைப் பதிச்சு வச்சிருக்கான்!" என்றார் அம்மா. பாதி உண்மைதான். துளையிட்ட அந்தத் தட்டுக்கடியில் மெல்லிய அலுமினியக் கிண்ணம் ஒன்று இருக்கிறது. எட்டுக் கால் சிலந்தி போன்ற உலோகச் சட்டம் தந்திகளின் அதிர்வை அதற்குக் கடத்த, கிண்ணமே ஓசையைப் பெருக்குகிறது.

கிதாருக்கு மின்விசை வாராத காலத்தில், நடன அரங்குகளின் ஊதுகருவிகளுக்கிடையே அதன் ஓசை அமுங்கிப்போயிற்று. லாஸ் ஏஞ்சலிஸில் ஸ்லோவாக்கியக் குடியேறியான ஜான் டோப்பியரா, மூன்று அலுமினியக் கூம்புகள் வைத்த கிதாரை 1927ஆம் ஆண்டளவில் ஆக்கினார். பின்னர்த் தம் சகோதரர்களுடன் தனியே பிரிந்து 'டோப்ரோ'வைத் தொடங்கினார். டோப்பியரா சகோதரர்கள் என்பதன் சுருக்கம் அது. அவர்கள் தாய்மொழியில் 'நல்லது' என்றும் பொருள்படும். பெயர் வைப்பதில் கெட்டிக்காரர்கள்!

சுருதி சேர்க்கும் முறையைக் கண்டதும் எனக்குப் பாதி அச்சம் தீர்ந்தது. ஆறு தந்திகளும் ஜி, பி, டி, ஜி, பி, டி. ஜியை ஆதார சட்ஜமாகக் கொண்டால் ச, க, ப, ச, க, ப! கட்டையை ஐந்தாம் கோட்டில் வைத்தால் மத்திமத்திலிருந்தும், ஏழாம் கோட்டில் வைத்தால் பஞ்சமத்திலிருந்தும் அதே மூன்று சுரங்கள் எழுகின்றன. அமெரிக்க நாட்டுப் பாடல்கள் பலவற்றிற்கு இம்மூன்று இடங்களே போதும். ஆனால் காந்தாரம் எப்போதும் அந்தர காந்தாரம். சாதாரண காந்தாரத்தோடு மூன்றும் ஒலிக்க வேண்டுமெனில் கட்டையைச் சாய்த்துப் பிடிக்கும் வித்தை தேவை. அது எனக்கு இன்னும் தொலைவு.

வலக்கைதான் பிடிவாதம் பிடித்தது. வீணையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் தந்தியைக் கீழ்நோக்கி மீட்டும். பெருவிரலுக்கு அங்கே வேலையில்லை. இங்கோ பெருவிரலே தலைவன்; மற்ற இரண்டும் தந்தியை உள்நோக்கி இழுக்க வேண்டும். ஜாஷ் கிரேவ்ஸ் என்ற கலைஞர் 1955இல் பிளாட்–ஸ்க்ரக்ஸ் குழுவில் சேர்ந்து, ஏர்ல் ஸ்க்ரக்ஸின் மூவிரல் பாஞ்சோ முறையை டோப்ரோவுக்குக் கொண்டுவந்தார். அம்மூவிரல் வரிசையை மெல்ல எண்ணிப் பழகவே எனக்கு இரண்டு மாதங்கள் சென்றன.

இடக்கையின் வேலை நுட்பமானது. வீணையில் மெட்டுக்குச் சற்றுப் பின்னே அழுத்துவோம். இங்கே கட்டை கோட்டுக்கு நேர்மேலே நிற்க வேண்டும். மயிரிழை விலகினாலும் சுருதி காட்டிக்கொடுத்துவிடும். பெருவிரல், ஆள்காட்டி, நடுவிரல் மூன்றும் கட்டையைப் பிடிக்க, மோதிர விரலும் சுண்டுவிரலும் பின்னால் தந்திகளைத் தொட்டு வீண் ஓசையை அடக்க வேண்டும். கோட்டுவாத்தியம் பயின்றவர்களுக்குக் கட்டையின் போக்கு புதிதன்று. எங்கள் ஊரில் அதைக் கற்பிப்பார் இல்லை.

அங்குள்ளோர் நீண்ட சுரம் வந்தாலே கட்டையை அசைத்து நடுக்கம் கொடுக்கிறார்கள். அவர்கள் பாட்டுக்கு அது அழகு. சட்ஜ பஞ்சமங்களை அப்படி நடுங்கவிட என் காது ஒப்பவில்லை.

இப்போது நாளும் அரைமணி நேரம், மூன்றாம் தந்தியில் மாயாமாளவகௌளைச் சரளி வரிசை. ரிஷபம் முதற்கோடு, காந்தாரம் நான்கு, மத்திமம் ஐந்து, பஞ்சமம் ஏழு, தைவதம் எட்டு, நிஷாதம் பதினொன்று, மேல் சட்ஜம் பன்னிரண்டு. விரல் வலிப்பதில்லை. வாசித்துக்கொண்டே பாடவும் செய்கிறேன். முதற்காலத்தில் சுருதி நிற்கிறது. இரண்டாங்காலத்தில் எட்டாம் கோடு மட்டும் இன்னும் நழுவுகிறது. அது நிற்கும்வரை ஜண்டை வரிசைக்குப் போவதாக இல்லை.